வார்னிஷ்காரரின் ஹாலந்துப் பலகைகள்

“…அதுவரைக்கும் படகுன்னா மீன் பிடிக்க, மூட்டை ஏத்த, சண்டை போட. சும்மா கால் நீட்டி உக்காந்து காத்து வாங்கறதுக்குன்னே ஒரு படகு கட்டணும்னு தோணினது ஹாலந்துக்காரனுக்குத்தாங்க. அது கிடக்கட்டும், உங்களுக்கு வார்னிஷ் பெரிய டின்னா, சின்ன டின்னா?”

லால்குடியிலிருந்து வந்த விவசாயி டின்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கேட்டது வண்டிச் சக்கரத்துக்குச் சிவப்புப் பெயின்ட். கேட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. “ஏங்க, எனக்கு இருக்கறது ரெண்டு சக்கரம். அதுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கதை?” என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டு, போய்விட்ட ரயிலை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

கடலைக் கண்ணால் பார்க்காமலே கப்பல் பித்துப் பிடித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் திருச்சி பெரிய கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அவருக்குப் பெயர் என்று ஏதாவது இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இருந்ததில்லை. கடைவீதிக்கு அவர் வார்னிஷ்காரர். பக்கத்து இரும்புக் கடையில் நான் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் வீடு ஸ்ரீரங்கம். ஐம்பதுகளின் கடைசி வருஷங்களில் தினமும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அதாவது, ஹாலந்து வழியாகப் போய்வந்தோம்.

பித்து பிடித்த கதை சுருக்கமானது. சீமை வார்னிஷ் டின்கள் வந்த பெட்டியில் ஒரு வழவழப்பான புத்தகமும் இருந்தது. படகுக்கு அடிக்கிற வார்னிஷ் என்பதால், உல்லாசப் படகு பிறந்து வளர்ந்த கதையையே படம் போட்டு அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். மற்ற கடைக்காரர்கள் அதைக் கிழித்து ஆணி மடித்துக் கொடுத்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தின இவர், ஒரு அகராதி வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது.

“வேகமாப் போய் எதிரியைத் துரத்தறதுக்குன்னு சின்னதா, லேசா ஒரு படகு கட்டினாங்க. அதைப் பாத்த ஆம்ஸ்டர்டாம் வியாபாரிங்க, நமக்கும் ஒண்ணு வேணும்னாங்க. மிளகு வித்த காசு! படகு பின்பக்கம் பூரா மரச் சிற்பம், அதுக்கு மேல தங்க முலாம். ஞாயித்துக்கிழமையானா குடும்பத்தோட ஏறி, ஒருத்தரை ஒருத்தர் பொய்யாத் துரத்தி, பொய்ச் சண்டை போட்டு விளையாடுவாங்களாம். இங்கிலீஷ் ராஜாவுக்கு அந்த ஊர்லேருந்து ஒரு படகு பரிசாப் போச்சு. அதைப் பாத்த அப்புறந்தாங்க வெள்ளைக்காரனுக்கே அந்த ஆசை வந்தது. ருஷ்யா ராஜா என்ன பண்ணாரு தெரியுமா? அங்கேயே வந்து, கோடாலி பிடிச்சு, தச்சு வேலை கத்துக்கிட்டாரு!”

“ராஜாவா? தச்சு வேலையா?” என்பார் கண்டக்டர், டிக்கெட் கிழிப்பதை மறந்து.

“ஆமாங்க. கூலி வாங்கினாரான்னுதான் புத்தகத்துல போடலை.”

இப்படித்தான். கேட்கிறவன் சிரித்தாலும், அடுத்து என்ன என்று கேட்காமல் இருக்க முடியாது.

அவர் சம்சாரம் மட்டும் கேட்டதில்லை. ஊஞ்சல் பலகைக்கு அவர் வார்னிஷ் மேல் வார்னிஷாக அடித்து, அந்த அம்மாள் உட்கார்ந்ததும் வழுக்கி விழுந்து, அதிலிருந்து அவர்கள் வீட்டில் ஹாலந்து என்பது கெட்ட வார்த்தை. “இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த ருஷ்யா ராஜாவையே கட்டியிருக்கலாம். ஒரு பரணையாவது சரியா அடிச்சுக் குடுத்திருப்பாரு” என்பார்.

தான் படித்ததைக் காரியத்தில் காட்டவும் ஒரு தடவை முயன்றார். யுத்தம் முடிந்த கையோடு ஹாலந்தில் படகு வாங்க ஆளில்லாமல் போக, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர்கள் சிலர் ஒன்றாகச் சேர்ந்து, அமெரிக்கப் பணக்காரர்களுக்கு விற்கக் கிளம்பினார்கள் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கம் சொன்னது. அதைப் படித்த வாரம், ஜங்ஷன் பக்கத்தில் மணப்பாறை முறுக்கு விற்கிற இரண்டு பேர் தட்டுக்குத் தட்டு மோதிக்கொண்டு நின்றார்கள். இவர் நடுவில் புகுந்தார். “அண்ணே, ரெண்டு பேரும் ஒண்ணாச் சேருங்க. சேர்ந்தா அமெரிக்காக்காரன் வாங்குவான்!” என்றார். அவர்கள் உடனே ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்து இவரைத் திட்டினார்கள். திரும்பி வரும்போது, “பாத்தீங்களா, ஒத்துமை வந்துடுச்சு” என்றார் என்னிடம், சட்டையில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைத் தட்டிக்கொண்டே.

ஒரு நாள் பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். “ஹாலந்தில் தண்ணி ஆழமில்லைன்னு சொல்றீங்களே, அடி தட்டையான படகைக் காத்து பக்கவாட்டில் தள்ளிக்கிட்டுப் போயிடாதா?”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருஷக்கணக்காகப் பேசிய மனிதரிடம், உருப்படியான கேள்வி கேட்ட முதல் ஆள் நான். ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் என்னை இழுத்துக்கொண்டு ஒரு ஓட்டலில் நுழைந்தார். காபியைக் குடித்தார். டவராவை எடுத்துக்கொண்டுபோய்க் கை கழுவுகிற தொட்டியில் மிதக்கவிட்டு, வாயால் ஊதினார். டவரா தொட்டியின் மறுபக்கம் போய் மோதியது. பிறகு சட்டைப் பையிலிருந்த இரண்டு தபால் கார்டுகளை டவராவின் விளிம்பில் இரண்டு பக்கமும் மடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டார். கார்டுகளின் கீழ்ப் பாதி தண்ணீருக்குள் இருந்தது. “இப்ப ஊதுங்க!” ஊதினேன். டவரா சும்மா நடுங்கியது, நகரவில்லை.

“பக்கப் பலகை! படகுக்கு ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி தொங்கும். மேல ஒரே ஒரு ஆணி. இறக்கினா படகு பக்கவாட்டுல போகாது. மணல் தட்டினா கயித்தை இழுத்துத் தூக்கிக்கலாம்.”

“யாரய்யா அது, தொட்டியில டவராவைப் போட்டு விளையாடறது?” என்று சப்ளையர் கத்தினார்.

வெளியே வந்தபோது வார்னிஷ்காரரின் குரல் மாறியிருந்தது. “சிரிக்கறவங்க சிரிக்கட்டுங்க. ஆனா ஒரே ஒரு தடவை, நிஜப் பலகை நிஜத் தண்ணியில நிக்கறதைப் பாத்துடணும். பாக்காமயே செத்தேன்னா, இத்தனை வருஷம் பேசினதெல்லாம் வெறும் வாய்னு ஆயிடும்.”

அந்தச் சந்தர்ப்பம் பெருமாள் ரூபத்தில் வந்தது. கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயில். பெயர் வேண்டாம். அங்கே மாசி மாதம் சாயங்காலத் தெப்பம். காலி டிரம்களை வரிசையாகக் கட்டி, மேலே மூங்கிலும் பலகையும் போட்டு, அதன்மேல் மண்டபம் ஜோடித்து, பெருமாளை எழுந்தருளப் பண்ணி, குளக்கரையிலிருந்து ஜனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். டிரம்கள் எல்லாம் வார்னிஷ்காரர் கடையில் இரவல். முந்தின வருஷம் அடித்த காற்றில் தெப்பம் பக்கவாட்டில் ஒதுங்கி, குளத்து நடு மண்டபத்தில் இடித்து, பெருமாளின் குடை தண்ணீரில் விழுந்துவிட்டது. தர்மகர்த்தா ரைஸ் மில் முதலாளி. அவர் டிரம் கேட்டு வந்தபோது இவர் சொன்னார்: “டிரம் வேணும்னா என் ரெண்டு பலகையும் சேர்ந்துதாங்க வரும்.”

“இடிக்காதுல்ல?”

“காத்து என்ன பண்ணுதுன்னு பாத்துடலாங்க.”

தச்சனை வைத்துப் பலகை செய்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஹாலந்துப் படகில் சிற்பமும் தங்க முலாமும் உண்டே! நம் பெருமாள் மட்டும் மொட்டைப் பலகையோடு போவதா? ஒரு பலகையில் சங்கு, இன்னொன்றில் சக்கரம். இரண்டையும் தங்க நிறப் பெயின்ட்டில் தானே வரைந்தார். மேல் பாதியில் மட்டும். “கீழ்ப் பாதி தண்ணிக்குள்ள போயிடும். யார் பாக்கப் போறா?” என்றார்.

தெப்பத்தன்று நல்ல காற்று. தென்னை மரங்கள் வளைகிற காற்று. முதல் சுற்றில், போன வருஷம் இடித்த இடத்துக்குத் தெப்பம் வந்தது. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தெப்பம் கோடு போட்டதுபோல நேராகப் போயிற்று! குடை சாயவில்லை, விளக்குச் சரம்கூடப் பெரிதாக ஆடவில்லை. “கோவிந்தா!” என்று கூட்டம் கத்தியது. வார்னிஷ்காரர் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுற்றுகள் முடிந்தன. இனிப் படித்துறையில் அணைய வேண்டும். வழக்கமாக எல்லோரும் சேர்ந்து இழுத்தால் தெப்பம் பக்கவாட்டில் நழுவி, படியில் வந்து சேரும். இழுத்தார்கள். தெப்பம் முன்னால் போயிற்று. மறுபடி இழுத்தார்கள். பின்னால் போயிற்று. படிக்கட்டை நோக்கி மட்டும் ஒரு சாண்கூட வர மாட்டேன் என்றது. பக்கவாட்டில் போகாமல் இருக்கத்தானே பலகை!

“பலகையைத் தூக்குங்க! கயித்தை இழுங்க!” என்று கத்தினார் இவர். தெப்பத்தில் இருந்த ஆள் இழுத்துப் பார்த்தான். தண்ணீரில் ஊறி உப்பிய மரம், டிரம்மோடு இறுகிக்கொண்டிருந்தது.

“ஒரு உதை விட்டாக் கழண்டுடும்” என்று காலைத் தூக்கினான்.

“நிறுத்துடா!” என்று தெப்பத்திலிருந்த பட்டர் அலறினார். “சங்கு சக்கரத்தைக் காலால உதைக்கறதாவது! அபசாரம்!”

“அப்ப சுத்தியலால தட்டலாங்களா?”

“பகவானோட திருச்சக்கரத்தைச் சுத்தியலால அடிப்பயா நீ?”

தர்மகர்த்தா கரையிலிருந்து திரும்பினார். “என்னய்யா வார்னிஷு, பெருமாளை நடுத்தண்ணியில நிறுத்திட்டியே! ஆரத்திக்கு நேரமாச்சு. இப்ப என்ன செய்யறான் உன் ஹாலந்துக்காரன்?”

கூட்டம் சிரித்தது. நான் அவரைப் பார்த்தேன். காற்றைத் தாங்கி நின்ற பலகையை யாருமே நினைக்கவில்லை. இனி ஊர் பேசப்போவது இந்தச் சிரிப்பை மட்டும்தான். அவருக்கும் அது தெரிந்தது. சட்டையைக் கழற்றினார்.

“ஐயோ, அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாதுங்க!” என்று அவர் சம்சாரம் கூவினார்.

“கழுத்தளவுதாம்மா தண்ணி” என்றார் வடம் பிடித்தவர்களில் ஒருவர்.

“அவருக்குக் கழுத்து எங்க இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுங்க!” வார்னிஷ்காரர் அவ்வளவு குட்டை.

அவர் வடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மோவாய் வரை தண்ணீர். தெப்பத்தை எட்டியதும் மேலே பார்த்து, “பட்டரே! கீழ்ப் பாதியில படம் இல்லீங்க. வெறும் மரந்தான். அதைத் தொடலாமா?” என்றார்.

பட்டர் ஒரு கணம் யோசித்தார். “வெறும் மரம்னா… தொடலாம்.”

மூழ்கினார். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. அந்த அம்மாள் என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். சங்குப் பலகை மெல்ல அசைந்து எழும்பியது. அதற்கடியில் அவர் தலை வந்தது. பலகையைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டிருந்தார். மேலே இருந்தவன் கயிற்றைக் கட்டினான். மறுபக்கம் போய்ச் சக்கரப் பலகைக்கும் அதே வைத்தியம். அடுத்த இழுப்பில் தெப்பம் வெண்ணெய்போல நழுவிப் படித்துறைக்கு வந்தது.

ஆரத்தி ஆனது. நனைந்த கோழிபோல நின்றவரிடம் தர்மகர்த்தா சொன்னார்: “அடுத்த வருஷம் டிரம் மட்டும் குடு போதும். பலகையைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிடு.”

“ஆகட்டுங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. பலகைகளைக் கழற்றித் தோளில் வைக்கப் போனார். பட்டர் குறுக்கே வந்தார். “எங்க எடுத்துண்டு போறீர்? சங்கு சக்கரம் எழுதி, பெருமாளோட தண்ணியில போனது, உம்ம கடையில பெயின்ட் டின்னுக்கு நடுவுல கிடக்கறதா? ரெண்டும் வாகன மண்டபத்துல இருக்கட்டும். அடுத்த வருஷம் காத்தடிச்சா, அப்போ பாத்துக்கலாம்.”

தர்மகர்த்தா பட்டர் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகைகளைத் தூக்க ஒரு ஆளைக் கைகாட்டினார்.

மறுநாள் காலை கடைவீதியில் பெயின்ட் கடை திறக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்து அவர் வீட்டுக்குப் போனேன். “கோயிலுக்குப் போயிட்டாருங்க. வெறும் வயித்தோட. இதைக் குடுத்துடுங்க” என்று அந்த அம்மாள் ஒரு தூக்கில் இட்லி கொடுத்தார்.

வாகன மண்டபத்தில் கருடனுக்கும் அனுமாருக்கும் நடுவே சுவரில் சாய்ந்து நின்றன இரண்டு பலகைகளும். எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் வார்னிஷ்காரர். பக்கத்தில் அந்தச் சீமை வார்னிஷின் பெரிய டின். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஹாலந்து என்ற பேச்சையே எடுக்கவில்லை. பலகைகள் இரண்டும் புது வார்னிஷில் பளபளத்தன. கருடனை நிமிர்ந்து பார்த்தார். இறக்கையில் பழைய வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. வேட்டி நுனியால் அந்த இறக்கையின் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு, தூரிகையை டின்னில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் பூச்சை இழுக்க ஆரம்பித்தார்.