ஃபோர்க்லிப்டு தந்த சமாதானம்

கல்மண்டபத்திலிருந்து ஹார்பர் கேட்டு வரைக்கும் சண்டை போடத் தெரியாத ஆளே கிடையாது. ஆனால் சண்டை போட்ட ஆளையே ஞாயிற்றுக்கிழமை பூசையில் தேடிப் பிடித்து, இடுப்பில் கை கொடுத்து, தரையிலிருந்து அரை அடி தூக்கியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். ரோமாபுரியில் தேடினாலும் கிடைக்க மாட்டார். எங்கள் ஃபோர்க்லிப்டு!

கண்டெய்னர் யார்டில் பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். நிஜப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது. பூசையில் ஃபாதர், "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்" என்றதும் நாங்களெல்லாம் கையைக் கூப்பி, பக்கத்து ஆளைப் பார்த்துப் பாதிச் சிரிப்பு சிரித்து முடித்துவிடுவோம். அவருக்கு அது ஷிப்ட் ஆரம்பிக்கிற சங்கு. அந்த வாரம் யாரோடு வாக்குவாதமோ, அவரை நோக்கிப் பெஞ்சு பெஞ்சாகத் தாண்டி ஓடுவார். தூக்குவார். "சமாதானம் நைனா! ஆனா நீ சொன்னது தப்புதான்!" இறக்குவார். அடுத்த ஆள். ஒரு வாரம் பாடகர் குழு மொத்தத்தோடும் சண்டை. அன்றைக்குப் பூசை முடியவே பத்து நிமிஷம் லேட்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு என்னிடமிருந்து பள்ளிக்கூடம் தப்பித்தது. படிப்பில்லாதவனுக்குக் கடவுள் வாயைக் கொடுத்தார். வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜைக் கொடுத்தது யாரென்று தெரியவில்லை. நிச்சயம் அவர் இல்லை.

விவகாரம் எங்கள் மாதா திருவிழாத் தேர். கோயிலை விட்டுக் கிளம்பியதும் முதலில் எங்கள் தெரு. முதல் மாலை எங்கள் வீட்டு மாலை. அப்படியே இரண்டு தெரு சுற்றித் திரும்பிவிடும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹவுசிங் போர்டு பிளாக்குக்குப் போனதே இல்லை. கோயிலைப் பெருக்குகிற, பெஞ்சு துடைக்கிற ஜனமெல்லாம் அங்கேதான். கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஃபோர்க்லிப்டு எழுந்தார்.

"இந்த வாட்டி தேரு மொதல்ல பிளாக்குக்குப் போவணும். மாதா இன்னா, ரயில்வே கேட்டுக்குப் பயப்படுவாளா?"

முதலில் அங்கே போனால் எங்கள் தெரு கடைசி! எனக்கு ரத்தம் கொதித்தது. பங்கு வாட்ஸாப் குரூப்பில் நாலு நிமிஷம் பேசித் தள்ளினேன். பாரம்பரியம் என்றேன். கரண்டு கம்பி உயரம் பத்தாது என்றேன். கடைசியில், "பொட்டி தூக்கறவனுக்கு மாதாவைப் பத்தி இன்னா தெர்யும்?" என்றேன். எங்கள் வீட்டு மாலையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை ஆள் என் வாசலில். கையில் போன்.

"நைனா, இத்த இப்போ போடறேன். என் மூஞ்சியப் பாத்துகினே கேளு."

என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு, என்னையே எனக்குப் போட்டுக் காட்டினார். நாலு நிமிஷம்! உள்ளேயிருந்து என் பெண்டாட்டி, "யாருய்யா இது, இவ்ளோ கலீஜா பேசறது?" என்று கேட்டாள்.

"நல்லா பேசிகீறே நைனா," என்றார் ஃபோர்க்லிப்டு. "கம்பி மேட்டரு கரெக்டு, நான் யோசிக்கல. கரண்டு ஆபீஸாண்ட கேக்கறேன். பொட்டி தூக்கறவன்னியே, அதுவும் கரெக்டு. பாரம்பரியம்னே பாரு, அதான் தப்பு. வர்ட்டா?"

போகும்போது இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

ஓட்டெடுப்பு நாள் வந்தது. நான் முன்கூட்டியே தலைகளை எண்ணிப் பார்த்தேன். அவர் பக்கம் ஒரு தலை அதிகம். தோற்றேன் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது அவர் கட்சி ஆளான வலைக்கார பீட்டர் எழுந்து என்னைக் காட்டிக் கத்தினான்.

"இந்த சவரி, சோத்துக்கு மட்டும் கோயிலுக்கு வர்ற பன்னாட! இவன் பேச்சை யாரு கேப்பா?"

போன திருவிழா விருந்தில் நான் மூன்று பந்தி உட்கார்ந்தது ஊரறிந்த விஷயம். ஃபோர்க்லிப்டு துள்ளி எழுந்தார்.

"ஃபாதர், ஒரு நிமிசம்! இவன் சவரியாண்ட மன்னிப்பு கேக்கணும்."

"அண்ணாத்த, நான் உன் கட்சி!" என்றான் பீட்டர்.

"அதான் எனுக்கு அசிங்கமா கீது. வெளிய வா."

இழுத்துக்கொண்டே போனார். ஃபாதர் ஐந்து நிமிஷம் பார்த்தார், பத்து நிமிஷம் பார்த்தார். அடுத்த பூசைக்கு மணி அடித்துவிட்டது. "சரி, கையைத் தூக்குங்க" என்றார். இரண்டு ஓட்டு வெளியே. ஒரே ஓட்டில் நான் ஜெயித்தேன்! எங்கள் தெரு விசிலடிக்கிற நேரத்தில் பீட்டர் உள்ளே வந்து, "சவரி, மன்னிச்சுக்கோ" என்றான். ஃபோர்க்லிப்டு, 'அப்பாடா' என்று உட்கார்ந்தார். தான் தோற்ற விஷயமே அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, சமாதான நேரம். நேரே என்னிடம் வந்தார். என் உடம்போ மூன்று பந்தி உடம்பு. தூக்கினார். 'கடக்' என்று சத்தம்.

"சமாதானம் நைனா. ஆனா..."

முடிக்க முடியவில்லை. பெஞ்சில் சாய்ந்தவரை நாலு பேர் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ கிளம்பும்போது தலையை மட்டும் நீட்டி, "தப்புதான்!" என்று வாக்கியத்தை முடித்தார்.

முதுகில் டிஸ்க் விலகிவிட்டது, இனிமேல் ஆளைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அன்று எனக்கு மீன்குழம்பு இறங்கவில்லை. எனக்கே அது புது வியாதி. ஃபாதரிடம் போனேன்.

"ஃபாதர், மறுக்கா ஓட்டு வையுங்க."

"என்ன சவரி, ஜெயிச்சவனே மறு ஓட்டு கேக்கறே?"

"கம்பியும் இல்ல, பாரம்பரியமும் இல்ல ஃபாதர். மொத மாலை எங்க வூட்டு மாலை. அதான் மேட்டரு."

இதையே கூட்டத்திலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எங்கள் தெருவில் பாதி பிளாக்குக்காகக் கையைத் தூக்கியது.

கரண்டு ஆபீஸ் கம்பியை உயர்த்திக் கொடுக்க, தேர் ரயில்வே கேட்டைத் தாண்டியது! பிளாக்கில் மாடிக்கு மாடி பூ கொட்டியது. கோயில் பெருக்குகிற சகாயம் அக்கா, கையில் துடைப்பம் இல்லாமல் மாதாவைப் பார்த்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டு மாலை கடைசி மாலை. கொஞ்சம் வாடியிருந்தது. மாதா அதையும் கழுத்தில் வாங்கிக்கொண்டாள்.

போன மாசம் ஃபோர்க்லிப்டு இடுப்பில் பெல்ட்டோடு பூசைக்கு வந்தார். அதற்குள் கோயில் ஸ்பீக்கர் சத்தம் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் போனிலேயே புதுச் சண்டை. சமாதான நேரம் வந்ததும், பெஞ்சைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். பழக்கத்தில் கை என் இடுப்புக்குப் போனது. டாக்டர் ஞாபகம் வந்து அப்படியே நின்றது.

நான் கால் கட்டைவிரலை ஊன்றி, முடிந்த உயரத்துக்கு எக்கினேன்.

"சமாதானம்ணா," என்றேன். "ஆனா ஸ்பீக்கர் மேட்டர்ல நீ சொல்றது தப்புதான்."

இடுப்பில் நின்ற கையால் அவராக இறக்கிவிடுகிற வரைக்கும் நான் குதிகாலைத் தரையில் வைக்கவில்லை.