மேம்பாலம் ஏறிய பச்சை சைக்கிள்

சைக்கிளுக்குக் கௌரவம் கொடுத்தவன் எவன்? அவன் மட்டும் கையில் கிடைத்தால் குழாய்க்கடைக்காரர் சும்மா விடமாட்டார். கேரியரில் இரும்புக் குழாய்களைக் கட்டிக்கொண்டு, வெயிலில் மிதி மிதியென்று மிதித்துக் கடை வைத்தவர் அவர். அந்த நாளில் அவர் சைக்கிளைப் பார்த்தாலே பெரிய வீட்டு வாட்ச்மேன்கள் பின்வாசலைக் காட்டுவார்கள். கார் வாங்கிய பிறகுதான் முன்வாசல் திறந்தது. அப்பாடா என்று அவர் ஏஸி காற்று வாங்க உட்கார்ந்த நேரம் பார்த்து, எவனோ ஒருத்தன் ஊரையே தலைகீழாகத் திருப்பிவிட்டான்!

முதலில் பிடிபட்டவர் பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர். நல்ல காரை உறை போட்டு மூடிவிட்டு, தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஹெல்மெட்டோடு சைக்கிளில் ஆபீஸுக்குக் கிளம்பினார். குழாய்க்கடைக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார்.

"பேங்க் திவாலாயிடுச்சா?"

"இல்லீங்க, உடம்புக்கு நல்லதாம்" என்றாள் மனைவி.

"நான் மிதிச்சப்போ எவனும் அப்படிச் சொல்லலியே! பொண்ணு பார்க்க சைக்கிள்ல வந்தேன்னு உங்கப்பா மூஞ்சியைத் திருப்பிக்கலே?"

"இப்போ வந்திருந்தா மாலை போட்டிருப்பார்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மறுவாரம் வீட்டு வாசலில் ஒரு பச்சை சைக்கிள் நின்றது. மனைவியுடையது.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அதுவரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். ஆனால் சாவி கேட்கும்போதெல்லாம், "சிராய்ச்சிடுவே" என்று அவர் சட்டைப்பையை இறுகப் பிடித்துக்கொள்வார்.

சைக்கிள் வந்த மறுநாள் காலை. பிளம்பர்களும் கான்ட்ராக்டர்களும் கடை நிறைய நிற்கும் நேரம். டிரிங், டிரிங். மனைவி கடை வாசலைத் தாண்டிப் போனாள். கையை வேறு ஆட்டினாள்.

ஒரு பிளம்பர் குரலைத் தணித்துக் கேட்டான்: "என்னண்ணே, வியாபாரம் படுத்துடுச்சா?"

குழாய்க்கடைக்காரருக்குக் காதிலிருந்து புகை வந்தது. சாயங்காலம் விசாரணை வைத்தார்.

"உன் ஆஸ்பத்திரி கிழக்கே. என் கடை மேற்கே. இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை?"

"அந்த ரோட்டுல நிழல் ஜாஸ்திங்க."

மறுநாள் அந்த ரோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்தார். மரம் என்று பெயருக்குக்கூட ஒன்று இல்லை. இருந்த ஒரே நிழல் அவர் கடை போர்டினுடையது. சந்தேகம் முற்றியது. இதில் மேனேஜர் கை இருக்கிறது! காரில் குனிந்து உட்கார்ந்துகொண்டு மனைவியின் பின்னாலேயே போனார். அவள் சிக்னலில் நின்றாள், திரும்பினாள், அவருக்கும் ஒரு டாட்டா காட்டினாள். மேனேஜரைக் காணவே காணோம்.

அடுத்த நாள் கடைக்கு முன்னால் மணி இன்னும் பலமாக அடித்தது. அதற்கடுத்த காலையில் அவர் வீட்டு வாசலை மறித்தார்.

"இனிமே நீ கார்ல போ. வாரத்துல ரெண்டு நாள்."

"வேண்டாங்க. சிராய்ச்சிடுவேன்."

"அதெல்லாம் பரவாயில்லே. ஒரு நாள் விட்டு ஒரு நாள்?"

"சைக்கிளே பழகிப்போச்சு." படி இறங்கினாள்.

விலை படியாமல் கடைப் படி இறங்கும் ஆளை விட்டுவிட்டால் வியாபாரம் போச்சு. அவர் ரத்தத்தில் ஊறிய பயம் அது.

"நில்லு, நில்லு! தினமும் எடுத்துக்கோ!"

ஒரு காலைப் பெடலில் வைத்தாள்.

"அம்மா தாயே! தினமும் நானே துடைச்சு நிறுத்தறேன்!"

கால் இறங்கியது. "உங்க மனசு கஷ்டப்படுதேன்னுதான் ஒத்துக்கறேன்" என்று கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்துவிட்டு, கடை மானம் காப்பாற்றப்பட்ட களிப்பில் மீசையைத் தடவிக்கொண்டார். கார் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"ஏய்! நான் எப்படிப் போறது?"

ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியது. "பச்சை சைக்கிள் இருக்கே. சீட்டை உங்க உயரத்துக்கு நேத்தே ஏத்தி வெச்சிட்டேன்."

"நேத்தேவா? இந்தப் படி இறங்கற வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் எவன்?"

"படி இறங்கியே விலையைக் குறைச்சேன்னு தினம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால உட்கார்ந்து பெருமை அடிச்சுக்கறது யாருங்க?"

கண்ணாடி ஏறியது. கார் கிழக்கே போனது.

வேறு வழி? ஏறினார். மிதித்தார். மேம்பாலத்து ஏற்றத்தில் பேங்க் மேனேஜர் மணியடித்தபடி பக்கத்தில் வந்தார். "அடடே, அண்ணனும் நம்ம கட்சியா! பெரிய மனுஷங்கன்னா இப்போ இப்படித்தான்!" என்று வணங்கிவிட்டு, தென்றல் மாதிரி முந்திப் போனார்.

பாதி ஏற்றத்தில் குழாய்க்கடைக்காரர் நின்றுவிட்டார். பின்னால் ஹாரன்கள் கத்தின. வானத்தை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்:

"சைக்கிளுக்குக் கௌரவம் கொடுத்த மகராசா! எங்கே இருந்தாலும் உடனே வா! கௌரவமெல்லாம் நீயே வெச்சுக்கோ, வந்து பின்னாலேர்ந்து கொஞ்சம் தள்ளிவிடு!"