பூட்டுப் போட்ட பாட்டும் பதினொரு புது முழங்கால்களும்

பேரன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டிலிருக்கும் பாட்டு சிடிகளுக்கெல்லாம் ஒரு மாற்றுப் பிரதி எடுத்து வைக்கலாம் என்றால் கணினி மறுக்கிறது, சிடிக்குள்ளேயே ஏதோ பூட்டு இருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்துநாலு வருஷம் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து, ஊரிலுள்ள தராசுக்கெல்லாம் ஈய முத்திரை வைத்தவன் நான். நான் வைத்த முத்திரையை ஒரு வியாபாரிகூட எனக்குத் தெரியாமல் உடைத்ததில்லை. "தெரியாம ஒடச்சிருந்தா அது எப்படி உங்களுக்குத் தெரியும்?" என்று உங்கள் அக்கா கேட்பாள். அதை விடுங்கள். முத்திரை, பூட்டு, தடை இவையெல்லாம் என் சொந்தச் சரக்கு. போன பத்து நாட்களில் இந்த சிடி விவகாரத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கே வழி புரிந்துவிடும்.

உங்கள் அக்கா மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு நடை வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். இப்போது எட்டுப் பேர், மொத்தம் பதினொரு புது முழங்கால். எல்லோரும் ஒரு சிடியிலுள்ள ஆறு பாட்டுக்குத்தான் நடக்கிறார்கள். முதல் பாட்டு மெதுவாகப் போகும், ஆறாவது பாட்டு வரும்போது மனிதன் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்துக்கு வந்துவிடுவான், அப்படித் தாளம் பார்த்துச் செய்த சிடி. வெளியிட்டவர்கள் கடையைச் சாத்திவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை உங்கள் அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது பாட்டு ஒரே இடத்தில் திக்கித் திக்கி நின்றுவிட்டதாம். வகுப்பில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், மேடம் சொல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார். அந்த மனிதர் அடுத்த தாளம் வரும் வரும் என்று ஒரு காலைத் தூக்கியபடியே நின்று கடைசியில் பக்கத்திலிருந்த தையற்காரம்மாவின் மேல் சாய்ந்துவிட்டாராம். அதோடு போனாலும் பரவாயில்லை. வகுப்பு நடக்கும் அறையைக் காலி பண்ணி அதில் பழைய எக்ஸ்ரே கட்டுகளை அடுக்கலாமா என்று பார்க்க, புதிதாக வந்திருக்கும் நிர்வாக அதிகாரி அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருகிறாராம்.

"அந்தம்மா முன்னாடி பாட்டு நின்னுச்சுன்னா இவங்களும் நின்னுடுவாங்க. அறையும் போயிடும். அப்புறம் இவங்கள நான் எங்க கூட்டிட்டுப் போய் நடக்க வைக்கிறது?"

"இதுக்கா இப்படி ஒடஞ்சு போயிருக்க? ஒரு காப்பி எடுத்தா முடிஞ்சுது. அரை மணி நேர வேலை."

"உங்களால முடியுமா?"

"யாரைப் பாத்து என்ன கேக்குற?"

மறுநாள் காலை பூதக்கண்ணாடி வைத்து சிடி அட்டையைப் படித்தேன். பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், இது பிரதி எடுக்க முடியாதபடி பாதுகாக்கப்பட்டது என்று போட்டிருந்தது. எழுதியவன் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. காசு கொடுத்து வாங்கிய சிடிக்குச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாற்று எடுப்பதில் என்ன தப்பு என்று கணினியில் போட்டேன். உடனே ஒரு ஒப்பந்தம் வந்து நின்றது, இருபத்துமூன்று பக்கம். மற்றவர்கள் என்றால் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திவிடுவார்கள். நான் அரசாங்கத்தில் இருந்தவன், முழுக்கப் படித்தேன், அதற்கே சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, இரண்டு எழுத்துப் பிழைகூடக் கண்டுபிடித்தேன், பிறகு மனப்பூர்வமாகச் 'சம்மதம்' என்று அழுத்தினேன். அவ்வளவுதான், ஏதோ ஒரு நிரல் தன் மூட்டை முடிச்சோடு கணினிக்குள் குடிவந்துவிட்டது. பாட்டுப் பாடுவேன், ஆனால் பிரதி மட்டும் தரமாட்டேன் என்றது. சரி, நீயே வேண்டாம் என்று அதைத் தேடிப்பிடித்து அழித்தேன். போகிற போக்கில் அது சிடி போடுகிற பெட்டியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்டி என் கண்ணெதிரே வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது, கணினியோ அப்படி ஒன்று இந்த வீட்டிலேயே இல்லை என்கிறது.

கணினி பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். எதைக் காட்டினாலும் "சரியாயிடும் சார்" என்று சொல்வதால் எங்கள் தெருவில் அவருக்குச் 'சரியாயிடும்' என்றே பெயர். கணினியைத் திறந்து பார்த்தவர் முதல்முறையாக எதுவும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடைவெளியில்தான் எனக்கு இந்த யோசனை உதித்தது. இது சொந்த யோசனை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் பாட்டு கடைசியில் ஒலிபெருக்கி வழியாக வெளியே வந்துதானே ஆக வேண்டும்? வெளியே வந்த பிறகு அதற்கு ஏது பூட்டு? பணி ஓய்வின்போது துறையில் எனக்குக் கொடுத்த சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை உங்கள் அக்காவின் வகுப்புக்குப் போனேன். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, கருவியை ஜன்னல் திட்டில் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல நேரம், அன்றைக்கு மூன்றாவது பாட்டு திக்காமல் ஓடியது. வீட்டுக்கு வந்து கேட்டால், ஆறு பாட்டும் இருக்கிறது, கூடவே உங்கள் அக்காவும் ஆறு பாட்டிலும் இருக்கிறாள். பாடகர் வாயைத் திறக்கவே விடவில்லை. "குதிகால் மொதல்ல, குதிகால்! தபால்காரரே, நெஞ்ச நிமித்துங்க, தரையில தபால் ஒண்ணும் கெடக்கல! தையலம்மா, அது எடது கால் இல்ல, உங்களுக்கு இருக்கிறதே ரெண்டு, அதுல ஒண்ண மாத்திப் பாருங்க!" ஐந்தாவது பாட்டுக்கு நடுவே தபால்காரர் சிடியைப் பற்றி ஏதோ கேட்கிறார். அதற்கு உங்கள் அக்கா சொல்கிறாள்: "எங்க வீட்டுக்காரர் காப்பி எடுக்கிறேன்னிருக்காரு. அதனால சிடி இருக்கும்போதே நல்லா நடந்துக்குங்க." எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். கருவியை அலமாரியில் வைத்து மூடிவிட்டேன்.

புதன்கிழமை கணினி திரும்பி வந்தது. 'சரியாயிடும்' உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கி ஒரு ரகசியம் சொன்னார்.

"சார், நான் செஞ்சு பாத்ததில்ல, கேள்விப்பட்டதுதான். சிடியோட வெளி ஓரத்துல ஒரு மெல்லிசு வளையம் தெரியும். கணினியக் குழப்புறது அதுதானாம். மேல கறுப்பு மார்க்கர் பேனாவால ஒரு கோடு இழுத்து மறச்சுட்டா கணினி ஏமாந்துடுமாம்."

"இவ்வளவுதானா?"

"கேள்விப்பட்டதுதான் சார். நான் சொன்னேன்னு வச்சுக்காதீங்க."

வியாழக்கிழமை நடை வகுப்பு இல்லை, சிடி வீட்டில்தான் இருந்தது. உங்கள் அக்கா வேலைக்குப் போனதும் மேசையில் துண்டு விரித்து, கை கழுவி, சிடியைக் கவிழ்த்து வைத்து, மார்க்கரைத் திறந்தேன். கோடு என்றால் அப்படி ஒரு கோடு, முக்கால் வட்டம் வரைக்கும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. அப்போதுதான் மார்க்கர் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. பேனா ஓரத்திலிருந்து கிளம்பி ஆறு, ஐந்து, நான்கு பாட்டுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மூன்றாவது பாட்டில் போய் நின்றது. பதற்றப்படவில்லை. மைதானே, துடைத்தால் போகிறது. தண்ணீருக்குப் போகவில்லை, சோப்புக்கும் போகவில்லை. உங்கள் அக்காவின் அலமாரியில் நகப்பூச்சு அழிக்கிற திரவம் இருந்தது, பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பு. மை போயிற்று, அதோடு சிடியின் பளபளப்பும் போயிற்று. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்தது, குளியலறைச் சன்னல் மாதிரி ஆகிவிட்டது. கணினியில் போட்டேன். ஏமாறவும் இல்லை, பாடவும் இல்லை. உங்கள் அக்கா வகுப்புக்குக் கொண்டுபோகிற பாட்டுப் பெட்டியில் போட்டேன். உள்ளே ஏதோ கரகரவென்று தேய்ந்தது, பிறகு அதுவும் இல்லை.

மாப்பிள்ளை, அன்று சாயங்காலம் உங்கள் அக்கா வரும்வரை நான் சோபாவில் உட்காரவில்லை. வந்ததும் சிடியை நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்குப் பதில் தெரியும். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தபால்காரர் நேத்துதான் முதல்தடவ வாக்கர விட்டுட்டு கைத்தடியோட நடந்தாரு" என்றாள்.

அதன்பிறகு நான் என்ன செய்ய முடியும்? அலமாரியைத் திறந்து ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். "இதுல ஆறு பாட்டும் இருக்கு. ஆனா நீ பேசினதும் இருக்கு. என்னைப் பத்திப் பேசினதும் இருக்கு" என்றேன். முழுதும் கேட்டாள். ஐந்தாவது பாட்டு வந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இத நீங்க கேட்டுட்டும் இத்தன நாளா சும்மா இருந்தீங்களா?" என்றாள். அந்தக் குரலில் கோபம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நிர்வாக அதிகாரி அறைக்குள் வந்து கையில் அளவு நாடாவோடு உட்கார்ந்தார், எக்ஸ்ரே அலமாரிக்கு அளவெடுக்கத்தான். நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பாட்டு தொடங்கியது, அதில் பதிவான உங்கள் அக்காவின் குரலும் தொடங்கியது. "குதிகால் மொதல்ல!" எட்டுப் பேரும் குதிகாலை ஊன்றினார்கள். "தபால்காரரே, நெஞ்ச நிமித்துங்க!" தபால்காரர் பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்தார். எல்லா நாளும் முன்னால் நின்று கத்திக்கொண்டே இருக்கும் உங்கள் அக்காவுக்கு அன்று கத்த வேண்டிய வேலையே இல்லை. ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று, இடுப்பில் ஒரு விரல் வைத்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி, தடுமாறுகிறவரை விழும் முன்னே பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது பாட்டில் என் பெருமை வந்தது. நிர்வாக அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொறுத்துக்கொண்டேன். ஆறாவது பாட்டு முடியும்போது தபால்காரர் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி நாலு அடி எதையும் ஊன்றாமலே நடந்து, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். தையற்காரம்மாதான் முதலில் கைதட்டினார்.

"மேடம், இப்படி அதட்டல் போட்டு வர்ற சிடி எங்க கெடைக்கும்?" என்று நிர்வாக அதிகாரி கேட்டார். "எங்கம்மாவும் ஆபரேஷன் பண்ணிட்டு வீட்லயே படுத்துக் கெடக்கிறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

அளவு நாடா பைக்குள் போய்விட்டது. அறை நமக்கே. எல்லோருக்கும் வீட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். பாட்டு நம்முடையது இல்லை, ஊருக்கு விநியோகம் பண்ணக் கூடாது என்று உங்கள் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் நேற்று தபால்காரர் தரையில் கைத்தடியால் தாளம் தட்ட, உங்கள் அக்கா புதிதாக அதட்ட, நானே முன்னின்று ஒரு பதிவு செய்து முடித்தேன். யாரும் காப்பி எடுக்காமல் இருக்க இதற்கும் ஒரு பூட்டுப் போடலாமா என்று கேட்டேன். உங்கள் அக்கா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதுதான். கணினியை நம்பாதீர்கள், மார்க்கரைத் தொடாதீர்கள், பாட்டைப் போட்டு முன்னால் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வையுங்கள். சிடிப் பூட்டுக்கு உலகத்தில் வேறு வழி கிடையாது. பத்து நாள் ஆராய்ந்தவன் சொல்கிறேன்.

தங்கச்சியின் கழுத்து வலி குறைந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். பெரியவனுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா? சின்னவள் படிப்பில் கெட்டி, அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலுமாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் அக்கா இதை எழுதச் சொல்கிறாள். பாழான சிடியை அதன் பெட்டியில் திரும்ப வைக்கப் போனபோது, சிடி உட்காரும் பிளாஸ்டிக் தட்டு கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அதற்கு அடியில் இன்னொரு சிடி இருந்தது, வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாதது. அதே ஆறு பாட்டு. மேலே 'கணினிக்கானது, பூட்டு இல்லை, சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். ஆகையால் மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துவிட்டு முதலில் உங்கள் சிடிப் பெட்டிகளின் தட்டைத் தூக்கிப் பாருங்கள். இதற்கு ஒரு பிரதி எடுப்பது அரை மணி நேர வேலைதான். எங்கள் கணினிப் பக்கம் போகக் கூடாது என்று எனக்குத் தடை விழுந்திருப்பதால், இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த பிறகு வரும் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சிடியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கணினியைத் துடைத்துத் தயாராக வையுங்கள்.

தம்பி, இத நான் உறைய ஒட்டுறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியாம எழுதறேன். அத்தானுக்கு நல்லா சாப்பாடு போடு. சிடி என்கிட்டதான் இருக்கு, அவர் பையில வெறும் பெட்டிதான் வருது. எதுக்கும் கம்ப்யூட்டரப் பக்கத்து வீட்ல குடுத்து வை. - அக்கா