இறகைப் பார்த்துச் சிரித்த வழக்கு

"ஆசைப்பட்டு வேலை செய்யுறவன்கிட்ட..." என்று படக்காரரின் பெரிய மாமா அடிக்கடி ஒரு பேச்சை ஆரம்பிப்பார். அதற்கு மேல் என்ன வரும் என்பது படக்காரருக்கு மறந்துபோய்விட்டது. பெண் கொடுக்கலாம் என்றாரா, கடன் கொடுக்காதே என்றாரா, இரண்டில் ஒன்று. மாமா அவருக்குப் பெண்ணும் கொடுக்கவில்லை, கடனும் கொடுக்கவில்லை. ஆகையால் அதை வைத்தும் கண்டுபிடிக்க வழியில்லை.

படக்காரர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது. ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை, அதில் ஆளுயர ஜன்னல் ஒன்று, அவ்வளவுதான் ஸ்டூடியோ. அறைக்கு ஒரு பங்கு வாடகை என்றால் ஜன்னலுக்கு இரண்டு பங்கு. கொஞ்ச நாளாக அந்த வாடகை தள்ளாடிக்கொண்டிருந்தது. மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தால் எழுந்து போகும்போது தவறாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்: "மச்சான், நம்ம கடையில ஒரு நாற்காலி காலியாவே இருக்கு. சும்மா சொன்னேன்."

இந்த நிலையில்தான் பெயர்பெற்ற தலையணை நிறுவனம் ஒன்று அவரைக் கூப்பிட்டு அனுப்பியது. கூலிக்கு அல்ல, கொலாபுக்கு.

கூட்டுப்பணி நல்லுறவு மேலாளர் என்ற பலகைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவருக்குக் காப்பி வரவழைத்தார். கொலாப் என்றால் என்ன என்று படக்காரர் பணிவாக விசாரித்தார்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுறது சார்."

"சரிங்க. நான் படம் எடுக்குறேன். நீங்க?"

"நாங்க சேர்றோம்."

காப்பி நன்றாக இருந்தது. அதுதான் வினை. இந்தத் தொழிலை விரும்பிச் செய்கிறீர்களா என்று மேலாளர் பேச்சுவாக்கில் கேட்டுவைக்க, படக்காரர் மனம் திறந்துவிட்டார். காலை வெயில் ஜன்னல் வழியாக இறங்குவது, அது ஒரு பொருளின் மேல் படும்போது பொருளே வேறாகிப்போவது, அந்த நிமிஷம் தனக்குப் பசி, கடன், மச்சான் எதுவுமே நினைவுக்கு வராதது என்று காப்பி ஆறும்வரை பேசினார். மேலாளர் கண் கலங்கக் கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் சம்பளம் கிடையாது என்றார்.

காரணத்தையும் அவர் மறைக்கவில்லை. ஒரு வேலைக்கான பலன் இரண்டு வகையில் வரும்: பணமாக, அல்லது மனநிறைவாக. படக்காரர் தம் பலனை மனநிறைவாக முழுவதும் பெற்றுக்கொண்டதாகச் சற்றுமுன் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்மேல் பணமும் கொடுத்தால் தணிக்கையில் இரட்டைப் பட்டுவாடா என்று வந்துவிடும். நிறுவனம் நேர்மைக்குப் பேர்போனது.

மற்றவர்களுக்கெல்லாம் எப்படி என்று படக்காரர் கேட்டார். தலையணையில் படுத்துக் காட்டும் ஆளுக்கு முழுச் சம்பளம் என்றார் மேலாளர். அவருக்குத் தூக்கமே வராத வியாதி. இறகுகளை ஊதிப் பறக்கவிடும் ஆளுக்குச் சம்பளத்தோடு படியும் உண்டு.

"அவருக்கு எதுக்குப் படி?"

"அவருக்கு இறகுன்னா தும்மல் சார். பாவம், வேலை பூராவும் கஷ்டப்படுவாரு."

இருந்தாலும் மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது. படப்பிடிப்பின்போது மனநிறைவுக் கண்காணிப்பாளர் ஒருவர் நேரில் வந்து உட்காருவார். படக்காரர் தம் தொழிலால் துன்புறுகிறார் என்று நிரூபணமானால் கேட்ட தொகை முழுவதும் கிடைக்கும். ஒவ்வொரு புன்னகைக்கும் ஒரு பங்கு கழிவு.

வீட்டில் அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. மனைவி எதிரில் உட்கார்ந்துகொண்டு முகத்தைத் தொங்கப்போடச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்காரர் வாடகை கேட்டு வாசலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அது பழகிப்போய்விட்டது, வருத்தம் வரமாட்டேன் என்கிறது என்றார் படக்காரர்.

"அப்ப எதை நினைச்சா வரும்?"

"உங்கண்ணன் கடை நாற்காலிய நினைச்சுப் பார்க்குறேன்."

முகம் உடனே தொங்கியது. மனைவிக்குக் கோபம்தான், ஆனாலும் இதையே நாளைக்கும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குள் ஸ்டூடியோவில், படக்காரர் கூலி பேசி அமர்த்திய தச்சர் வேலையை முடித்திருந்தார். தலையணை காற்றில் மிதப்பதுபோலத் தெரியவேண்டும். அதற்காகச் சாய்வான ஒரு பலகை, அதைத் தாங்கக் கண்ணில் படாத ஒரு கால். மனிதர் வாய் ஓயாமல் பாடிக்கொண்டே இழைத்தார். பாட்டின் பல்லவி முடியும் இடத்தில் இழைப்புளியும் நின்றது. கூலியைப் படம் எடுத்தபிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார். "எங்க ஓடிப்போயிடப் போறீங்க அண்ணே."

படப்பிடிப்பன்று கண்காணிப்பாளர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையரங்க வாசலில் ஆட்களை எண்ணுவதற்கு வைத்திருப்பார்களே, அமுக்கினால் டிக் என்று ஒன்று கூடும், அந்தக் கருவி அவர் கையில் இருந்தது. படக்காரர் நாற்காலியை நினைத்துக்கொண்டார். பெருமூச்சு விட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு தரம் லேசாக முனகவும் செய்தார். காலை முழுக்கக் கருவி வாய் திறக்கவில்லை. தூக்கம் வராத ஆளே இரக்கப்பட்டு, உடம்புக்கு என்ன சார் என்று கேட்டுவிட்டார்.

வெயில் ஜன்னலுக்கு வந்தது. இறகுக்காரர் ஊதவேண்டிய நேரத்தில் ஊதாமல் தும்மினார். இறகுகளெல்லாம் ஒரேயடியாக எழும்பிக் கீழே விழ, ஒன்றே ஒன்று மட்டும் விழ மனசில்லாததுபோல மிதக்கும் தலையணைக்கு மேலே வெளிச்சத்தில் நின்றது. நாற்காலி, மச்சான், வாடகை எல்லாம் போன இடம் தெரியவில்லை. படக்காரர் எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார்.

டிக் டிக் டிக் டிக் என்று மூலையிலிருந்து மழை பெய்தது. திடுக்கிட்டுத் திரும்பிய படக்காரரின் கண்ணில் கேமரா அப்படியே இருந்தது. விரல் பழக்கதோஷத்தில் இன்னொரு தரம் அமுக்கியது.

"சார், இது புன்னகை இல்ல," என்றார் கண்காணிப்பாளர், மூச்சு வாங்க. "ஆனந்தம். இதுக்குத் தனி விதி."

விசாரணை நிறுவனத்தின் நீள மேசையில் நடந்தது. இறகு நின்ற படம் ஏற்கெனவே சுவரை அடைத்து மாட்டப்பட்டிருந்தது. இத்தனை அழகான படத்தை எடுத்தவர் துன்புற்றிருக்க வாய்ப்பில்லை, எனவே படமே அவருக்கு எதிரான சாட்சி என்று மேலாளர் வருத்தத்தோடு தெரிவித்தார். தனி விதிப்படி பார்த்தால் படக்காரர்தான் நிறுவனத்துக்குக் கொஞ்சம் தரவேண்டியிருக்கும் என்றும், பழகிய தோஷத்துக்கு அதை வற்புறுத்தப்போவதில்லை என்றும் சொன்னார்.

படக்காரர் எழுந்தார். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கண்காணிப்பாளரின் படம். கருவியின்மேல் கட்டைவிரல், கால்கள் தரையைவிட்டு எழும்பியிருந்தன, முகத்தில் அப்படியொரு பரவசம். பிறந்த குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கிய தகப்பன்கூட அந்த மாதிரி மலர்ந்திருக்கமாட்டான்.

"இவரு மாசாமாசம் பணமா வாங்குறாரா, மனநிறைவாவா?" என்று படக்காரர் கேட்டார்.

கண்காணிப்பாளர் வெளுத்துப்போனார். மேலாளர் படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். சிரித்தவர் உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதன்பிறகு அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அனைவரும் தாங்கள் எவ்வளவு சலிப்போடு வேலைக்கு வருகிறோம் என்று தாமாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே போதும், நிரூபணம் தேவைப்படவில்லை.

ஒரு சமரசம் ஏற்பட்டது. கண்காணிப்பாளரின் படம் அங்கேயே கிழிக்கப்பட்டது. படக்காரர் கேட்ட தொகை முழுவதும் கொடுக்கப்பட்டது. கூடவே ஒரு சான்றிதழ்: "மேற்படியாருக்கு இத்தொழிலில் எவ்வித இன்பமும் இல்லை என்று இக்குழு மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறது." கையெழுத்திடும்போது மேலாளர் "மகிழ்ச்சியுடன்" என்பதை அடித்துவிட்டு "வருத்தத்துடன்" என்று திருத்தினார்.

வாடகை நிமிர்ந்தது. மனைவி சான்றிதழுக்குச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில், இறகுப் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். மைத்துனர் வந்து இரண்டையும் பார்த்தார். நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பதிலாக, கடைக்குப் புது டைல்ஸ் வந்திருக்கிறது, நாலு படம் எடுத்துக்கொடுக்க முடியுமா, நீங்கள்தான் ஆசையாகச் செய்வீர்களே என்றார். மனைவி, அதற்கென்ன அண்ணே, வீட்டு ஆள்தானே என்றாள்.

மறுநாள் தச்சர் வந்தார். படிக்கட்டில் ஏறும்போதே பாட்டுக் கேட்டது. படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தலையணை மிதந்தது, பலகையோ காலோ எங்கும் தெரியவில்லை.

"நம்ம வேலை கொஞ்சங்கூடத் தெரியல பாருங்க அண்ணே," என்றார் முகமெல்லாம் மலர. "இதைச் செஞ்ச அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல, அவ்வளவு சந்தோஷம்."

படக்காரர் பணத்தை எண்ணிக் கையில் எடுத்துவிட்டார். தச்சரின் முகத்தைப் பார்த்தார். சட்டம் போட்ட சான்றிதழைப் பார்த்தார்.

பேசிய கூலியில் பாதியைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு, மீதியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.