முப்பத்தாறில் நான்கு போனால் பதினாறு

உலகத்தின் மகத்தான கணக்குகள் யாவும் மனிதன் குளிக்கப் போன இடத்தில்தான் பிறந்திருக்கின்றன. கிரேக்க தேசத்து ஞானி ஒருவர் தொட்டியில் இறங்கிய மாத்திரத்தில் உண்மையைக் கண்டுகொண்டு, உடுத்த மறந்து தெருவில் ஓடினாராம். ஒரு தொட்டித் தண்ணீருக்கே அப்படி என்றால், ஐந்து கிளையாக விழுகிற அருவிக்கு எவ்வளவு ஞானம் வர வேண்டும்? வந்தது. போன வைகாசியில், குற்றாலத்து 'அருவிச் சூழல் அழகூட்டல் குழு'வின் ஒருங்கிணைப்பாளர் திரு. சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு வந்தது. அப்போது அவர் முழு உடையில் இருந்தார் என்பதையும் மரியாதை கருதிச் சொல்லிவிடுகிறோம்.

ஐந்தருவி போகிற சாலையோரம் அறுபதுக்கு அறுபது அடியில் சதுரமாக ஒரு பொட்டல். சீசன் மூன்று மாதமும் அங்கே முப்பத்தாறு கடைகள் நடக்கும். நடைவழியும் சேர்த்துக் கடைக்கு நூறு சதுர அடி. அதில் ஒன்று கீழப்பாவூர் வேல்விழியின் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. வேல்விழி கணிதத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, எட்டு வருஷமாக வேலைக்குக் காத்திருக்கும் தகுதியையும் ஐயமற நிரூபித்தவள். சீசன் மூன்று மாதம் எரிகிற அந்தக் கடை அடுப்புதான் மீதி ஒன்பது மாதமும் அவள் வீட்டில் உலை வைத்தது. கடை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பொட்டலின் ஒரு மூலையில் இருபதுக்கு இருபது அடியில் 'செல்ஃபி மேடை' கட்டுவதென்று குழு தீர்மானித்தது. அருவிக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார்கள், இதனால் சுற்றுலா வளர்ச்சி தடைப்படுகிறது என்று ஆய்வறிக்கை சொன்னதாம். நாலு கடை இடம் போகும், மீதி முப்பத்திரண்டில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று கடைக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனார்கள். ஒருங்கிணைப்பாளர் எழுந்து, மேடை போக மிஞ்சுவது பதினாறு கடை, யார் யாருக்கு என்பது குலுக்கலில் தெரியும் என்று அறிவித்தார்.

குளியல் துண்டு விற்கிற முகம்மது மீரான், முப்பத்தாறில் நாலு போனால் முப்பத்திரண்டு இல்லையா என்று பணிவோடு கேட்டார். அது கடைக்காரர் கணக்கு, இது அல்ஜீப்ரா என்று ஒருங்கிணைப்பாளர் அதைவிடப் பணிவோடு விளக்கினார். பிறகு வெள்ளைப் பலகையில் அறுபதின் வர்க்கத்தை எழுதி, கழித்தல் குறி போட்டு, இருபதின் வர்க்கத்தையும் எழுதினார்.

“ரெண்டுலயும் ஸ்கொயர் இருக்குல்லா? பொதுவா இருக்கத வெளிய எடுத்தாச்சு. உள்ள அறுபதுல இருபது போனா நாப்பது. நாப்பது ஸ்கொயர் ஆயிரத்தி அறநூறு. இதுக்குப் பேருதான் காரணிப்படுத்துதது.”

பொதுவில் இருப்பதை வெளியே எடுப்பதில் அவருக்குள்ள தேர்ச்சியை வட்டாரமே அறியும். குழு உறுப்பினர்கள் கை தட்டினார்கள். தட்டியவர்கள் பக்கம் உளுந்தவடைத் தட்டு போனது.

வேல்விழிக்கு வயிறு எரிந்தது. அதோடு, எட்டு வருஷமாக எந்த வகுப்பிலும் சொல்ல வாய்க்காததைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்த சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது. கூட்டத்தில் கொடுத்த கோப்பின் அட்டையைச் சதுரமாகக் கிழித்து, இதுதான் பொட்டல் என்றாள். எழுத்தரிடம் கத்தரிக்கோல் வாங்கி மூலையில் ஒரு சின்னச் சதுரத்தை வெட்டி, இது உங்கள் மேடை என்று ஒருங்கிணைப்பாளரிடமே கொடுத்தாள். மிஞ்சிய அட்டை முழங்கையை மடக்கினதுபோல் இருந்தது. அதில் நீட்டிக்கொண்டிருந்த துண்டை வெட்டித் திருப்பிப் பக்கத்தில் ஒட்டவைத்தாள். கோணலெல்லாம் போய் நீளமாக ஒரே செவ்வகம் கிடைத்தது.

“நீளம் அறுபதும் இருபதும் எம்பது, அகலம் அறுபதுல இருபது போக நாப்பது. ரெண்டையும் பெருக்கணும் சார். மூவாயிரத்தி எரநூறு, முப்பத்திரண்டு கடை. ஒம்பதாங்கிளாஸ் பிள்ளையே போட்டிரும்.”

ஒருங்கிணைப்பாளர் அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட்டைய வெட்டி ஒட்டலாம். கவர்மெண்டு எடத்த வெட்டி ஒட்ட முடியுமாம்மா?”

இந்தக் கேள்விக்கு உலகில் எந்தக் கணித நூலிலும் விடை கிடையாது. எனவே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வேல்விழியின் 'மாற்றுக் கணிதக் கருத்து' வரவேற்கப்பட்டது. அதை ஆராய மூவர் துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு சீசன் முடிந்த மறுவாரம் கூடும். அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அது மீரான் பாய் கடையில் வாங்கிய துண்டுதான்.

குலுக்கலில் வேல்விழிக்குச் சீட்டு விழவில்லை. மீரான் பாய்க்கும் விழவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் ஒருங்கிணைப்பாளர்மேல் ஒரு பரிதாபம் சுரந்துவிட்டது. பாவம், படிக்கிற வயசில் அவருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்கு டீச்சர்களை வேலைக்கு எடுக்காமல் எட்டு வருஷம் உட்கார வைத்தால் நாடு இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

சாரல் விழுந்த முதல் வாரம், பொட்டலில் கிடந்த அடுப்பையும் வாணலியையும் எடுத்து வரப் போனாள். பதினாறு கடைகள் நாற்பதுக்கு நாற்பது அடிக்குள் அடங்கிக் கிடந்தன. மூலையில் மேடை. மேடையின் இரண்டு பக்கமும் பச்சை வலை அடித்து இரண்டு பட்டை இடம். 'சொகுசு கார் நிறுத்தம்' என்று பலகை. ஏலத்தில் எடுத்தவர் ஒருங்கிணைப்பாளரின் மைத்துனர். வலை கட்டிக்கொண்டிருந்த மணிமுத்துவிடம் விசாரித்தாள். ஒவ்வொரு பட்டையும் நாற்பதுக்கு இருபது அடி என்றும், அளவை மாசி மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் அவன் சொன்னான். கூட்டம் நடந்தது வைகாசியில்.

அந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளரே வண்டியில் வந்து இறங்கினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர, கணக்கில் ஏதோ சின்னப் பிசகு நேர்ந்துவிட்டதாகவும், கணக்கு தனக்குச் சின்ன வயசிலிருந்தே வராது என்றும், அடுத்த வருஷம் சரிசெய்துவிடலாம் என்றும் பெருந்தன்மையோடு சொன்னார்.

வேல்விழி வாணலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு பட்டைகளையும் ஒருமுறை பார்த்தாள்.

“கணக்கு வராதவுக போட்டிருந்தா எங்கயாச்சும் ஒரடி கூடக் கொறைய இருக்கும் சார். இங்கன ஒரு எண்ணூறு, அங்கன ஒரு எண்ணூறு, நூலு பிடிச்சாப்ல வந்திருக்கு. நாந்தான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன். உங்களுக்குக் கணக்கு நல்லாவே வருது.”