பரணும் சோர்ஸ் கோடும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு முடிவெடுத்தேன். என் வீட்டில் நான் முடிவெடுப்பதே ஒரு செய்திதான்.

"என்னங்க, பரண் சுத்தம் பண்றேன்னு போன வருஷம் சொன்னீங்க. ஏணி கொண்டு வரட்டுமா?" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர் கையெழுத்தையே தடுமாறாமல் படிப்பாள்.

"இன்னைக்கு முடியாது. கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராமிங் மொழிக்கு இன்டர்பிரெட்டர் போடப் போறேன்."

"அது என்ன பண்ணும்?"

"நாம எழுதற கட்டளையை வரிவரியாப் படிச்சு, உடனே செஞ்சு காட்டும்."

"அதாவது சொல்றதைச் செய்யும். வீட்டுக்கு அப்படி ஒண்ணு தேவைதான். ரெடிமேடா ரெண்டு கிளிக்ல போட்டுடலாமே?"

அவளுக்கு இது எப்படித் தெரியும் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வீரம் கண்ணை மறைத்துவிட்டது.

"ரெடிமேடு சோம்பேறிகளுக்கு! அஞ்சாம் பதிப்பு, புத்தம் புதுசு. அதோட மூல நிரல், அதான் சோர்ஸ் கோடு, அதையே இறக்கி, கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி என் கையால கம்பைல் பண்ணிப் போடப் போறேன்."

"சரி. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள நீங்க போட்டது ஓடிட்டா, ஜென்மத்துக்கும் பரண் பேச்சை எடுக்க மாட்டேன். ஓடலைன்னா ஏணி."

ஜென்மத்துக்கும்! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

முதல் கட்டளையைத் தட்டினேன். கம்ப்யூட்டர் கேள்விமேல் கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டது. கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. வேலை செய்கிறதா, செய்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது 'கேஸை அணைச்சீங்களா, கதவைப் பூட்டினீங்களா' என்று என் மனைவி கேட்பதும் இப்படித்தான். இரண்டு இடத்தில் 'அது இல்லை, இது இல்லை' என்று முரண்டு பிடித்தது. தேடிப் பிடித்துக் கொடுத்தேன்.

அடுத்த கட்டளைக்கு, எறும்புச் சாரை போல எழுத்துகள் இரண்டு மணி நேரம் ஓடின. உள்ளே இருக்கும் மின்விசிறி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசிக் கட்டளை, 'நிறுவு'. மடமடவென்று நாலு வரி வந்து நின்றது. கடைசி வரி, 'அனுமதி மறுக்கப்பட்டது'. இந்த வீட்டில் எனக்குப் பழகிப்போன வாசகம். பொருட்படுத்தவில்லை.

மொழியின் பெயரைத் தட்டினேன். திரையில் பளிச்சென்று விழித்துக்கொண்டது! இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டேன். நாலு என்றது.

"ஓடுது! ஓடுது! வந்து பாரு!"

கரண்டியோடு வந்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் அது விழித்ததும் காட்டிய முதல் வரியைப் படித்தாள்.

"நீங்க இறக்கினது அஞ்சாம் பதிப்புதானே? இங்க நாலாம் பதிப்புன்னு போட்டிருக்கே."

"நாலா?"

"இது போன மாசம் நான் போட்டதுங்க. கடையில எந்த மருந்து எப்போ காலாவதியாகுதுன்னு பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். ரெண்டு கிளிக். பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க, ஏற்கெனவே இருந்தது எழுந்து வந்திருக்கு. உங்களது உள்ளேயே போகலை." அவள் விரல் மேலே நகர்ந்து ஒரு வரியில் நின்றது. "அனுமதி மறுக்கப்பட்டதுன்னு கொட்டை எழுத்துல இருக்கே. படிக்கலையா?"

"படிச்சேன். வழக்கமா வர்றதுதானேன்னு விட்டுட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. எனக்கு அழுகை வந்தது. அஞ்சு நிமிடத்தில் ஏணி வந்துவிட்டது.

மூன்று மணிக்கு, தலை நிறைய ஒட்டடையோடு பரணிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் இறங்கி ஒரு வாய் டீ குடிச்சிட்டு வரட்டுமா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அனுமதி மறுக்கப்பட்டது."