நூறு சதவீத மடிக்கணினி

தாம்பரம் தண்ணீர்த்தொட்டி மேற்பார்வை அலுவலகத்துக்கு 2007 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் மட்டுமே உபயோகிக்க வேண்டும். அதில் முழுமையாக இயங்கும் மடிக்கணினி ஒன்றைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் இயங்குகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்றளிக்க வேண்டும். தவறும் கண்காணிப்பாளர் தேவகோட்டைக்கு மாற்றப்படுவார்.

கண்காணிப்பாளர் தேவானந்தம் கடைசி வரியை மூன்று முறை படித்தார். மனைவி புஷ்பத்துக்கு சேலையூரில் டீச்சர் வேலை. போன மாசம்தான் மாடி கட்டி முடித்திருந்தார். இப்போது போய் தேவகோட்டையா!

கடை கடையாக ஏறினார். ஒன்றில் லினக்ஸ் போட்டால் வைஃபை வரவில்லை. இன்னொன்றில் வைஃபை வந்தது, சத்தம் போயிற்று. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. அதோடு மூடி வைத்தால் தூங்கிவிடும், பிறகு யார் தட்டினாலும் எழாது. குணத்தில் நம் அலுவலகத்துக்குப் பொருத்தம் என்று அதையே வாங்கினார்.

வியாழக்கிழமை, பல்லாவரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெர்சன் முன்னால் போய் நின்றார்.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிக்கீது?"

"பாதி பாகம் வேலை செய்யலப்பா. அப்படியே எழுதினா நான் தேவகோட்டை."

ஜெர்சன் சான்றுப் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். "'உள்ளே இருக்கும் பாகம்'னு தானே போட்டுக்கீறாங்க? கழட்டிட்டா?"

"கழட்டிட்டா..?"

"இல்லாத பாகம் எப்டி சார் வேலை செய்யாம இருக்கும்?"

அடடா! முப்பது வருஷம் கோப்பு பார்த்த தலைக்கு இது தோன்றவில்லையே! வைஃபை கார்டு போயிற்று. ஸ்பீக்கர், மோடம், கேமரா, மூடினால் தூங்க வைக்கிற சுவிட்ச் எல்லாம் மறுநாள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு விற்பனைக்குப் போயின. மிஞ்சிய பாகங்கள் அத்தனையும் ஒழுங்காக இயங்கின. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை இயக்குநர் தட்சிணாமூர்த்தியே போன் செய்தார்.

"மாநிலத்துலயே நூறு சதவீதம் உங்களுதுதான்! எப்படிய்யா சாதிச்சீங்க?"

பெருமை தாங்காமல் மனுஷன் உள்ளதைச் சொல்லித் தொலைத்தார். "வேலை செய்யாததை எல்லாம் எடுத்துட்டேன் சார்."

"பிரமாதம்! இதை மடிக்கணினியோட ஏன் நிறுத்தணும்?"

அடுத்த சுற்றறிக்கை, 'முழுமையாக இயங்கும் அலுவலகம்' பற்றியது. ஆய்வுக் குழு வந்தது. பதிவேட்டுப் பிரிவு எடுக்கப்பட்டது. தபால் பிரிவு எடுக்கப்பட்டது. கண்காணிப்பாளர் பதவி நாற்காலியோடு எடுக்கப்பட்டது. பெருக்குகிற எல்லம்மா மட்டும் மிஞ்சினாள். தேவானந்தம் தேவகோட்டைக்குப் பஸ் ஏறிய அன்று வாசலில் பலகை மாட்டினார்கள்: 'இவ்வலுவலகம் நூறு சதவீதம் இயங்குகிறது.'

தண்ணீர் வராத ஜனங்கள் மனுவோடு வந்து எல்லம்மாவைக் கேட்டார்கள்.

"மனு வாங்குற சார் எங்கேக்கா?"

"அது வேல செய்யலன்னு கழட்டிட்டாங்க."

"அட, பரவாயில்லையே! முன்னல்லாம் இல்லைன்னு சொல்லவே மூணு நாள் இழுத்தடிப்பாங்க. இப்ப ஒரே நிமிஷம்!"

ஆபீஸ் உருப்பட்டுவிட்டது என்று மெச்சிக்கொண்டே, காலிக் குடங்களோடு வீட்டுக்குப் போனார்கள்.